நரம்பியல் வேறுபாடு உடையோரும் நமது சேவை நிலையங்களும்

(வங்கி, அஞ்சல், வருவாய்த் துறை அலுவலர்களும் பொருளியல் மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சேவை மக்களை எட்டுகிறதா என்பதை அறிய நமது திட்டமிடுவோர் நெடுங்காலமாக இரண்டு அளவுகோல்களைக் கையாண்டு வந்திருக்கின்றனர். ஒன்று தொலைவு, மற்றது செலவு. 1969 ஜூலையில் 14 பெரிய வணிக வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர்ச் சிற்றூர்களை நோக்கிக் கிளைகள் சென்றன, தொலைவு குறைந்தது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் குறைந்தபட்ச இருப்பு இன்றியே கணக்குத் தொடங்க முடிந்தது, செலவும் குறைந்தது. ஆயினும், கதவைக் கடந்து உள்ளே வந்துவிட்ட ஒருவருக்கு அங்கு என்ன நேர்கிறது என்பதை இவ்விரண்டு அளவுகோல்களும் நமக்குச் சொல்வதில்லை.

கதவுக்கு உள்ளே ஒரு தேர்வு நடைபெறுகிறது. எந்த விதிமுறைப் புத்தகத்திலும் எழுதப்படாத தேர்வு அது. இரைச்சல் மிகுந்த கூடத்தில் எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். பெயர் அழைக்கப்பட்டதும் எழ வேண்டும். கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்ல வேண்டும். விடை சொல்லும்போது அலுவலரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கையெழுத்து எப்போதும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இத்தேர்வை எழுதுவதை அறியாமலேயே எழுதித் தேறிவிடுகிறோம். தேற முடியாதவர்கள் சிலர் இருக்கின்றனர். கணக்கிலும் நினைவாற்றலிலும் அவர்களுள் சிலர் கவுண்டருக்கு உட்புறம் அமர்ந்திருப்பவரை விஞ்சியவர்களாகவும் இருக்கலாம். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஆட்டிசம், கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த நிலை, டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிக்கல், உடலசைவுகளை ஒருங்கிணைப்பதில் உள்ள சிக்கல் முதலியவற்றை ஒரே குடையின் கீழ்க் கொணர்ந்து, இவை மனித மூளையின் இயல்பான பன்மையைச் சேர்ந்தவை என்று கருதும் போக்கு 1990-களின் இறுதியில் உருவாயிற்று. இப்போக்கினை நரம்பியல் பன்மை என்றும், அவ்வகையினரை நரம்பியல் வேறுபாடு உடையோர் என்றும் குறிப்பிடலாம். ஆட்டிசத்தை லியோ கானர் 1943-இல் மருத்துவ உலகுக்கு விவரித்தார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் தம் கட்டுரையை வெளியிட்டார். எனவே நிலை புதியதன்று. அதனை நோக்கும் பார்வைதான் புதியது. இங்குச் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உடையோரைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று குறிப்பிடும் வழக்கம் இருந்து வந்துள்ளது. நல்ல எண்ணத்துடன் ஆக்கப்பட்ட சொல்தான் என்றாலும், அது உண்மைக்கு மாறானது. அவர்களுள் பலருக்குத் துன்பமே புற உலகம் மிகையாக வந்து மோதுவதால்தான் ஏற்படுகிறது. நாம் கேட்பதையே நிறுத்திவிட்ட மின்விசிறியின் ஒலி அவர்களுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இவர்கள் எத்தனை பேர்? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர் என்று காட்டியது. ஆனால் அதில் ஆட்டிசத்துக்கோ கற்றல் குறைபாட்டுக்கோ தனிக் கட்டம் இல்லை. ஹரியானாவின் பல்வல், இமாசலத்தின் காங்ரா, ஒடிசாவின் தேன்கனால், வடகோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ எட்டில் ஒரு குழந்தைக்கு ஏதேனும் ஒரு நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. இவ்வெண்ணிக்கையில் செவிப்புலன், பார்வைக் குறைபாடுகளும் வலிப்பு நோயும் அடங்கும் என்பதை மறந்துவிடலாகாது. அவற்றைக் கழித்தாலும் எஞ்சுவது சிறு தொகையன்று. அந்தக் குழந்தைகளுள் மூத்தவர்கள் இன்று தம் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கும் வயதை எட்டியிருக்கின்றனர்.

சட்டம் இவர்களை மெதுவாகவே கண்டுகொண்டது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தையும் மூளை முடக்குவாதத்தையும் சேர்த்துக்கொண்டது. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் உறுதி செய்தது. அதன் பயனாக எழுந்ததே 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம். பட்டியல் 21 ஆக விரிந்தது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் இடம்பெற்றன. 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் உள்ளது.

பொருளியல் மாணவர்களுக்கு

வரிசை, படிவம், காத்திருப்பு ஆகியவற்றை வீண் தொல்லை என்று நாம் எண்ணுகிறோம். பொருளியலில் இவற்றுக்கு ஆதரவான வாதமும் உண்டு. ஆல்பர்ட் நிக்கல்ஸ், ரிச்சர்ட் செக்காசர் என்ற இருவர் 1982-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உதவி பெறுவதற்கு ஓரளவு சிரமத்தை வைத்தால், தேவை இல்லாதவர்கள் தாமாகவே விலகுவர், உண்மையான தேவை உடையோர் மட்டும் சிரமத்தைத் தாங்கி நிற்பர் என்று காட்டினர். நியாயவிலைக் கடை வரிசையில் செல்வர்கள் நிற்பதில்லை என்பதை நாம் அறிவோம். இவ்வாதத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. அதே ஒரு மணி நேரக் காத்திருப்பின் விலை, தேவை உள்ளவருக்குக் குறைவாகவும் தேவை இல்லாதவருக்கு மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். நாம் இன்று பேசும் மக்களிடத்தில் இந்த அடிப்படை தலைகீழாகிவிடுகிறது. ஒலியும் ஒளியும் நெரிசலும் நிறைந்த கூடத்தில் 40 நிமிடம் நமக்கு 40 நிமிடந்தான். அவர்களுள் சிலருக்கு அது அன்றைய நாள் முழுவதன் விலை. வீடு திரும்பிய பின்னும் மீள இயலாத களைப்பு. சல்லடை எவரைத் தக்கவைக்க வேண்டுமோ அவரையே முதலில் வெளியே தள்ளுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காத்திருப்பதைக் காட்டிலும், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பதே கடினம். வங்கிகளில் இன்று டோக்கன் எண்ணைக் காட்டும் பலகை உண்டு. ‘ஏ 45’ என்ற எண்ணுக்குப் பின் ‘ஏ 46’ வருமென்று ஒருவர் எதிர்பார்த்திருக்க, ‘சி 12’ வருகிறது. பிறகு ‘பி 7’. ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு வகைப் பணியைக் குறிக்கும் என்பதை எங்கும் எழுதி வைத்திருப்பதில்லை. ஒழுங்கை நம்பி வாழும் ஒருவருக்கு இது விளக்கப்படாத குழப்பம். ஒரு தாளில் நான்கு வரி எழுதி ஒட்டினால் தீரக்கூடிய குழப்பம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வரவேற்பின் குறை எங்கே முடிகிறது

இதனை வெறும் நாகரிகக் குறைவு, புன்னகைப் பற்றாக்குறை என்று எண்ணிவிடுவோரும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. நான் அறிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். 24 வயது இளைஞர், ஆட்டிசம் உடையவர், அச்சகம் ஒன்றில் பிழை திருத்தும் பணி. ஊதியத்துக்காகக் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. படிவத்தை வீட்டிலேயே பிழையின்றி நிரப்பிக் கொண்டு தாயாருடன் வங்கிக்குச் சென்றார். அலுவலர் தாயாரைப் பார்த்து, ‘பையனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?’ என்று கேட்டார். பிறகு இளைஞரிடம் திரும்பி, ‘மாதம் எவ்வளவு வருமானம்?’ என்றார். இளைஞர் ‘மாதம் எவ்வளவு வருமானம்’ என்று அதே சொற்களைத் திரும்பச் சொன்னார். சற்றுப் பொறுத்திருந்தால் தொகையையும் சொல்லியிருப்பார். கேள்வியைத் தம் வாயால் ஒரு முறை சொல்லிப் பார்த்த பிறகே விடையை எடுக்கும் இயல்பு அவருடையது. அலுவலருக்கோ அது புரியாமையாகத் தோன்றிற்று. சட்டப் பாதுகாவலர் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். மூன்று முறை அலைந்த பின் குடும்பத்தார் மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பித்தனர், தாயார் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார், கணக்கும் தொடங்கிற்று. அன்று முதல் அந்த இளைஞர் ஈட்டும் ஊதியத்தைத் தாயாரின் கையொப்பம் இன்றி அவர் எடுக்க இயலாது.

நண்பர்களே, அரை நிமிடப் பொறுமை இல்லாமற்போனதன் விலை இங்கு என்ன? வயதுவந்த ஒரு குடிமகனின் சட்டத் தகுதி. மாற்றுத்திறனாளிகள் நிதி நடவடிக்கைகளைத் தாமே நடத்தவும், சொத்தைத் தாமே வைத்திருக்கவும், மற்றவர்க்குச் சமமான சட்டத் தகுதியைப் பெறவும் உரிமை உடையவர்கள் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுகிறது. 14-ஆம் பிரிவு பேசுவது வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறை. குறிப்பிட்ட முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, அவருடைய விருப்பத்துக்கு இணங்க, அவருடன் சேர்ந்து எடுக்கும் முடிவு அது. ஒருவரை முழுமையாக மறைத்து மற்றொருவரை நிறுத்துவது இயல்பான வழி என்று அப்பிரிவு கருதவில்லை.

வங்கி அலுவலரின் அச்சத்தையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் தெளிந்த மனநிலை உடையோர் செய்யும் ஒப்பந்தமே செல்லும் என்கிறது. நாளை உறவினர் ஒருவர் வழக்கிட்டால் யார் பொறுப்பு என்று அலுவலர் கேட்பது நியாயமே. ஆனால் அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவை ஊன்றிப் படித்தால் ஒன்று புலனாகும். ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில், அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளவும், தமது நலனுக்கு அது என்ன செய்யும் என்று சீர்தூக்கவும் முடிகிறதா என்பதே அங்குள்ள அளவுகோல். நோயின் பெயரோ, முகம் பார்த்துப் பேசும் வழக்கமோ அளவுகோலன்று. சேமிப்புக் கணக்கு என்றால் என்ன என்று கேட்டு விடைக்குக் காத்திருந்தால் அளவுகோல் நிறைவேறிவிடும். மற்றொன்று: தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் பாதுகாவலர் சான்றிதழை வங்கிகள் நம்பிச் செயற்படலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. கணக்கே தொடங்க இயலாமல் தவித்த குடும்பங்களுக்கு அது பேருதவியாக அமைந்தது. ‘ஏற்கலாம்’ என்ற அனுமதி கவுண்டரை அடையும்போது ‘கேட்டே தீர வேண்டும்’ என்ற கட்டளையாக உருமாறுவது நிர்வாகத்தில் நாம் அடிக்கடி காணும் விந்தை.

பாதுகாவலர் முறையே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கடும் அறிவுத்திறன் குறைபாடு உடைய மகனையோ மகளையோ வைத்துக்கொண்டு, தமக்குப் பின் யார் என்று இரவுகளில் விழித்திருக்கும் பெற்றோருக்கு அது தேவை. அதற்கான பாதுகாப்புகளும் சட்டத்தில் உண்டு. பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் ஒப்படைக்க வேண்டும், புறக்கணித்தாலோ சொத்தைத் தவறாகக் கையாண்டாலோ நீக்கப்படலாம். என் கருத்து இதுவே: பாதுகாவலரை நாடச் செய்வது அந்த மனிதரின் நிலையாக இருக்க வேண்டும், நமது கவுண்டரின் அவசரமாக இருத்தல் கூடாது.

அரசின் ஒரு கை செய்வதை மறு கை அறியாதிருப்பதற்கும் இங்கே ஒரு சான்று உண்டு. ஆட்டிசச் சான்றிதழுக்கான மதிப்பீட்டில், செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோல் பயன்படுகிறது. கண்ணோடு கண் நோக்குவது குறைந்திருத்தல் அதில் ஒரு கூறு. கேட்டதையே எதிரொலியாகத் திரும்பச் சொல்லுதல் மற்றொரு கூறு. மருத்துவக் குழு இவற்றைக் கண்டு, மதிப்பெண் இட்டு, முத்திரை குத்திச் சான்றிதழ் தருகிறது. அச்சான்றிதழோடு வரும் மனிதரிடம்தான் நாம் முகம் பார்த்துப் பேசுங்கள் என்கிறோம். பெரியோர் முன் தலை தாழ்த்தி நிற்பதையே மரியாதை என்று வைத்திருந்த நாட்டில், கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம் எப்போது குடியேறிற்று என்பது ஆராயத்தக்கது.

ராஞ்சியில் நிகழ்ந்தது

2022 மே 7 அன்று ராஞ்சி விமான நிலையத்தில், மாற்றுத்திறன் உடைய சிறுவன் ஒருவன் விமானத்தில் ஏற அனுமதிக்கப்படவில்லை. பெற்றோரும் பயணத்தைக் கைவிட்டனர். சிறுவன் பதற்ற நிலையில் இருந்தான், பிற பயணிகளின் பாதுகாப்பைக் கருத வேண்டியிருந்தது என்பது நிறுவனத்தின் விளக்கம். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் விசாரித்து 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பரிவுடன் கையாண்டிருந்தால் சிறுவன் அமைதியடைந்திருப்பான், ஏற்ற மறுக்கும் கடைசி நடவடிக்கைக்குத் தேவையே இருந்திராது என்பது அதன் முடிவு. அதே ஆண்டு ஜூலையில் விதி திருத்தப்பட்டது. குறைபாட்டைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கலாகாது. பயணத்தின்போது உடல்நிலை மோசமடையும் என்று நிறுவனம் கருதினால், விமான நிலையத்திலுள்ள மருத்துவர் பரிசோதித்துக் கருத்துத் தெரிவித்தல் வேண்டும்.

இத்திருத்தத்தில் நமக்குப் பாடமாகும் செய்தி யாதெனில், பதற்றத்தை யார் மதிப்பிடுவது என்ற கேள்வி வரிசையில் நிற்கும் ஊழியரிடமிருந்து எடுக்கப்பட்டு மருத்துவரிடம் தரப்பட்டிருக்கிறது என்பதே. வங்கியிலும் பதிவு அலுவலகத்திலும் இன்னும் அக்கேள்வி கவுண்டரிலேயே தீர்மானிக்கப்படுகிறது. அத்துடன், பதற்றம் என்பது வாடிக்கையாளர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது நம் கூடத்தில் உற்பத்தியாவது.

எவ்வாறு குறைப்பது? என் மதிப்பீட்டில் எல்லாவற்றிலும் மலிவானதும் மிகுந்த பயன் தருவதும் முன்னறிவிப்பே. எந்த வாயில் வழியாக வருவது, எவரைச் சந்திப்பது, எந்தெந்தக் கேள்விகள் கேட்கப்படும், எந்தத் தாள்கள் வேண்டும், ஏறத்தாழ எத்தனை நிமிடம் ஆகும், இடையில் வெளியே சென்று வரலாமா என்பனவற்றை ஒரே பக்கத்தில், எளிய வாக்கியங்களில், கூடத்தின் புகைப்படத்துடன் அச்சிட்டு முன்கூட்டியே தந்துவிடலாம். கேள்விகளை முந்தின நாளே அறிந்தவர் விடைகளோடு வருகிறார். அலுவலரின் நேரமும் மிச்சப்படுகிறது. முதல்முறை வருவோர், முதியோர், மொழி தெரியாத ஊரில் பணியிலிருப்போர் ஆகிய அனைவருக்கும் அந்தத் தாள் பயன்படும்.

அடுத்தது மொழி. நமது அலுவலகத் தமிழைச் சற்றுக் கேட்டுப் பாருங்கள். ‘இதோ ஒரு நிமிடம்’ என்றால் அரை மணி நேரம். ‘நாளைக்கு வாருங்கள்’ என்றால் நாளை வர வேண்டாம் என்றும் பொருள்படும். ‘பார்த்துச் செய்வோம்’ என்பதன் பொருளைக் கேட்டவரும் சொன்னவரும் வெவ்வேறாக எடுத்துக்கொண்டு இருவரும் நிறைவோடு பிரிகின்றனர். சொல்லைச் சொல்லாகவே கொள்ளும் ஒருவர் மறுநாள் காலை கதவு திறக்கும்போதே வந்து நிற்பார். வந்ததற்காகக் கடிந்துகொள்ளவும் படுவார். ‘செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு மேல் வாருங்கள்; அதற்குள் முடியாவிட்டால் செய்தி அனுப்புகிறேன்’ என்று சொல்வதற்குக் கூடுதலாக நான்கு விநாடி ஆகும். பயிற்சி நிலையங்களில் இதைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும் என்பேன். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. விடைக்குப் பத்து எண்ணும் வரை மௌனம். அதற்கு முன் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேளாதிருத்தல். மாற்றிக் கேட்டால் நமக்கு அது உதவி. கேட்பவருக்கோ இரண்டாவது புதிய கேள்வி.

கூடத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. மினுக்கும் குழல்விளக்கை மாற்றுவது, ஒலிபெருக்கியின் ஒலியைத் தணிப்பது, சுவரோரம் நெரிசல் இல்லாத இரண்டு நாற்காலிகள், கூட்டம் சேராத முதல் அரை மணி நேரத்தில் முன்பதிவு ஆகியவை போதும். 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிற்கே சென்று அடிப்படை வங்கிச் சேவைகளை அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. அந்தச் சலுகை பார்வைக்குத் தெரியும் குறைபாடுகளுக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கிளைகள் நினைவிற்கொண்டால் நலம்.

கையெழுத்து ஒரு தனிச் சிக்கல். விரலசைவு ஒருங்கிணைப்பில் சிக்கல் உடையோருக்குக் காலையில் இட்ட கையொப்பமும் மாலையில் இட்டதும் ஒத்திரா. காசோலை திரும்பி வருகிறது. மூன்றாவது முறை திரும்பியதும், எழுதப் படிக்கத் தெரிந்த பட்டதாரியிடம் பெருவிரல் ரேகை கேட்கப்படுகிறது. மாதிரிக் கையொப்ப அட்டையில் ஒன்றுக்குப் பதிலாக நான்கைந்து மாதிரிகளை வாங்கி வைப்பதும், ஐயம் எழுந்தால் திருப்பி அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்பதும் இதற்குப் போதிய வழிகள். கணினி வழிச் சேவை வந்தபின் இவையெல்லாம் மறைந்துவிடும் என்று சிலர் நம்பினர். ஆனால் அங்கும் தேர்வு வந்து சேர்ந்துவிட்டது. கேமராவைப் பார், கண் சிமிட்டு, 30 விநாடிக்குள் எண்ணை உள்ளிடு என்கிறது இயந்திரம். அமில வீச்சால் பாதிக்கப்பட்டோரும் பார்வைக் குறைபாடு உடையோரும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்து, அடையாளச் சரிபார்ப்பு முறைகளை மாற்றுமாறு பல கட்டளைகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்ட இயலாதவருக்காகத் திறக்கப்பட்ட அந்த வழி, கேமராவை உற்று நோக்க இயலாதவருக்கும் பயன்பட வேண்டும்.

உடன் வருவோரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தாயோ தமக்கையோ வந்திருந்தாலும் பேச்சு வாடிக்கையாளரோடுதான். ‘இவரிடமும் கேட்கலாமா?’ என்று அவருடைய இசைவைப் பெற்ற பிறகே உடன் வந்தவரிடம் திரும்புதல் வேண்டும். வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் தணிக்கையாளர்களும் இதில் அலுவலர்களைவிடப் பிந்தியிருக்கின்றனர் என்றே தோன்றுகிறது. நீதித் துறையில் ஒரு முன்மாதிரி உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், குறைபாடு உடைய குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெற இடம் தருகிறது. சாட்சி சொல்லும் முறைக்கு ஏற்பக் கேட்கும் முறை மாறலாம் என்பதை அங்குச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

சான்றிதழ் இல்லாதவர்

இவ்வளவும் சரி, உரிய சான்றிதழைக் காட்டட்டும், செய்து தருகிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. நாட்டில் வயதுவந்தோருள் இந்நிலை உடைய பெரும்பாலோர் சோதிக்கப்பட்டதே இல்லை. அவர்கள் பள்ளியில் படித்த நாளில் இந்தப் பெயர்களே ஆசிரியர்களுக்குத் தெரியாது. சோம்பேறி, முரடன், கிறுக்கு என்ற பெயர்களே கிடைத்தன. இது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு ஒன்று அலுவலர்கள் அனைவரும் படிக்கத்தக்கது. எழுதும்போது கை இறுகிவிடும் நிலை உடைய ஒருவர், குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்தர் உதவி கேட்டார். 40 விழுக்காட்டு வரம்பை அவர் எட்டவில்லை என்று மறுக்கப்பட்டது. இட ஒதுக்கீட்டுக்கு அந்த வரம்பு பொருந்தும். நியாயமான வசதி செய்து தருவதற்கு அவ்வரம்பைத் தடையாக்கலாகாது என்பது தீர்ப்பின் சாரம். தேர்வு மண்டபத்துக்கு இது பொருந்துமானால், ஒலிபெருக்கியைத் தணிக்கச் சான்றிதழ் கேட்பது எவ்வாறு பொருந்தும்?

தனிக் கவுண்டர் அமைத்துவிடலாம் என்ற யோசனை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கூடத்தின் கோடியில் பலகை தொங்கவிட்டு, பாதி நாள் ஆளில்லாமல் கிடக்கும் கவுண்டர்களை நாம் கண்டிருக்கிறோம். அங்குச் செல்வதற்கு ஒருவர் தம் நிலையை ஊரறிய அறிவிக்கவும் வேண்டும். 2016-இல் லண்டனின் காட்விக் விமான நிலையத்தில், பார்வைக்குத் தெரியாத குறைபாடு உடையோர் விரும்பினால் அணிந்துகொள்ளச் சூரியகாந்திப் பூ வரைந்த கழுத்துப் பட்டை அறிமுகமாயிற்று. 2023-இல் பெங்களூரு விமான நிலையமும் அதனை ஏற்றது. அறியாதோர் கூடும் விமான நிலையத்துக்கு அது நல்ல ஏற்பாடுதான். எல்லோரையும் எல்லோரும் அறிந்த சிற்றூர் அஞ்சலகத்தில் அந்தப் பட்டையை அணிந்து நிற்க எத்தனை பேர் துணிவர்? ஆகவே, கேட்காமலேயே அனைவருக்கும் கிடைக்கும் முறையாகப் பொது ஏற்பாட்டையே திருத்துவது மேல். எஞ்சியவற்றுக்கு மட்டும் தனி ஏற்பாடு.

செலவைக் காரணம் காட்டுவோருக்கு விடை ஏற்கெனவே சொல்லியாயிற்று. மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவை தாளும் பழக்கமும்தான். பயிற்சியைப் பொறுத்தவரை, நிர்வாகிகள், காவல் அலுவலர்கள், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோர் பயிற்சியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் இடம்பெற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு விதிக்கிறது. அணுகல் தொடர்பான விதிகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிட்டன என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2024 நவம்பர் 8 அன்று, கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டிய தரங்களைப் பிரித்து வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அத்தரங்களைப் பற்றிப் பேசும்போது சாய்தளத்தின் சரிவையும் கதவின் அகலத்தையும் அங்குலக் கணக்கில் பேசுகிறோம். காத்திருக்கும் நேரத்தை அறிவித்தல், கேள்விகளை முன்கூட்டித் தருதல், ஒலியின் அளவு ஆகியவற்றையும் அவ்வாறே எண்ணிக்கையில் எழுத முடியும் என்பதை இங்குள்ள மாணவர்கள் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். அளக்கப்படாதது ஆய்வுக் குழுவின் பட்டியலில் ஏறுவதில்லை.

கடைசியாக நடைமுறைச் சிக்கல் ஒன்று. நல்ல மேலாளர் ஒருவர் வருகிறார். ஒரு வாடிக்கையாளரின் இயல்பை அறிந்துகொள்கிறார். எல்லாம் சீராக நடக்கிறது. மூன்றாண்டில் அவருக்கு மாறுதல். புதியவரிடம் அந்த வாடிக்கையாளர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சிலர் தொடங்குவதேயில்லை, கணக்கு உறங்கிவிடுகிறது. இன்று எல்லாக் கிளைகளின் கணக்குகளும் ஒரே கணினிப் பிணைப்பில் இருக்கின்றன. அக்கணக்கின் முகப்பில், அவருடைய இசைவோடு, இரண்டு வரி எழுதி வைக்கத் தடை ஏதுமில்லை: ‘கேள்விகளை எழுத்தில் தரவும். பெயரை உரக்க அழைக்க வேண்டாம். விடைக்குச் சற்றுப் பொறுக்கவும்.’ நோயின் பெயரை அதில் எழுதலாகாது. அது மருத்துவரிடம் இருக்கட்டும். வரிகளை அவரே சொல்ல, அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை அவரிடம் படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்னதை நீக்கிவிட வேண்டும்.